எழுத்தறிவுச் செய்தியைப் படிக்கும் முறை

2025-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி, நாட்டிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் மிசோரம் என்று பிரகடனம் செய்யப்பட்ட சமாசாரம் வெளியானபோது, சில மணி நேரத்துக்குள் அது கைபேசி தோறும் பரவி, பாராட்டும் ஆட்சேபமுமாக ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டது. “கேரளம் 1991-லேயே முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இப்போது மிசோரம் எப்படி முதல் மாநிலமாகும்?” என்று ஒரு சாரார் கேட்டார்கள், மற்றொரு சாரார் அந்தக் கேள்வியையே அரசியலாகப் பாவித்துப் பதில் சொன்னார்கள். நான்கைந்து நாட்களில் விவாதம் ஓய்ந்து, ஜனங்கள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு செய்திகளும் மெய்யே என்பதையும், இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டவை என்பதையும் நின்று நிதானித்து விளக்கியவர்கள் மிகச் சிலரே. எழுத்தறிவைப் பற்றிய செய்திகள் நம்மிடம் இவ்வளவு வேகமாக வந்து சேரும் இக்காலத்தில், அவற்றைப் படித்துப் பொருள் காணும் பழக்கம் நம்மிடையே வளரவில்லையே என்ற கவலைதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

கேரளத்தின் கதையை முதலில் சொல்லிவிடலாம். 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 18 அன்று, கோழிக்கோட்டில் கூடிய பெருங்கூட்டத்தின் முன்னிலையில், மாநிலம் முழுவதுமே அந்த நிலையை அடைந்ததாகப் பிரகடனம் ஆயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதப் படிக்கக் கற்றிருந்தால் அதை முழு எழுத்தறிவாகக் கொள்ளலாம் என்ற யுனெஸ்கோவின் பிரமாணமே அன்று அளவுகோலாக இருந்தது. மிசோரத்தின் பிரகடனமோ, மத்திய அரசின் ‘உல்லாஸ்’ என்ற வயது வந்தோர் கல்வித் திட்டத்தின் கீழ், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று புதிதாக வகுக்கப்பட்ட எல்லையைக் கொண்டு செய்யப்பட்டது. அதன்படி அம்மாநிலத்தின் எழுத்தறிவு 98.2 விழுக்காடு. ஒன்றிய ஆட்சிப் பகுதியான லடாக் அதற்கு முந்திய ஆண்டே அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. இவ்வளவு விவரமும் தெரிந்த ஒருவருக்கு, கேரளமா மிசோரமா என்ற சண்டைக்கு ஆதாரமே இல்லை என்பது விளங்கிவிடும். அப்படியானால் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எழுத்தறிவு என்று இவர்கள் எதைச் சொல்லுகிறார்கள், அதை யார், எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்?

நம் நாட்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் விளங்கிப் படிக்கவும் எழுதவும் கூடியவரானால், அவர் எழுத்தறிந்தவராகக் கொள்ளப்படுகிறார். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காமல் வீட்டில் கற்றுக்கொண்டவர் சேருவார். பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கும் பார்வையற்றவரும் சேருவார். இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கெடுப்பவர் யாருக்கும் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுவதில்லை. வாசலில் நின்று கேட்கிறார். வீட்டில் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் குடும்பத் தலைவர், எல்லோருக்குமாகப் பதில் சொல்லுகிறார். “அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்றால், அந்த அம்மாள் கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, “தெரியும்” என்று பிள்ளை சொல்லிவிடுகிறான். அவன் பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. தாயை நாலு பேருக்கு முன்னால் குறைவாகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. இப்படிச் சொல்லப்பட்ட கோடிக்கணக்கான பதில்கள் சேர்ந்துதான் மாநிலத்தின் விழுக்காடாக அச்சில் வருகின்றன.

1988-இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவுகோலை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். புதிதாகக் கற்றவர் எளிய பகுதி ஒன்றை வாய்விட்டு நிமிஷத்துக்கு முப்பது சொற்கள் வீதம் படிக்கவேண்டும். மௌனமாகப் படித்தால் முப்பத்தைந்து. பார்த்து எழுதினால் நிமிஷத்துக்கு ஏழு சொற்கள், பிறர் சொல்லக் கேட்டு எழுதினால் ஐந்து. ஒன்று முதல் நூறு வரை எண்களை எழுதவும், அன்றாடத்துக்கு வேண்டிய கூட்டல் கழித்தல் போடவும் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரத்து அறிவிப்பையும் சுவரொட்டியையும் படித்துப் பொருள் கொள்ள வேண்டும். நிமிஷத்துக்கு ஐந்து சொற்கள் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். நாற்பது ஆண்டு களையெடுத்தும் கல்லுடைத்தும் காய்த்துப்போன விரல்களுக்கு இடையே பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு, ‘ழ’கரத்தின் வளைவைக் காகிதத்தில் திருப்பிக் கொண்டுவரப் பாடுபடும் ஒரு ஸ்திரீயின் அருகில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு, அந்த ஐந்து சொற்களுக்குப் பின்னால் எத்தனை மாலை நேரங்கள் செலவாகியிருக்கின்றன என்பது தெரியும். ஒரு அளவுகோலில் கையில் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்க்கிறார்கள்; மற்றொன்றில் மகன் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ளுகிறார்கள். இரண்டும் செய்தித்தாளில் ‘எழுத்தறிவு’ என்ற ஒரே பெயரோடுதான் வருகின்றன.

இன்னொரு சிரமமும் உண்டு. நாம் ஓயாமல் மேற்கோள் காட்டும் எண்கள் பழையவை. தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்களிடையே 86.77, பெண்களிடையே 73.44 என்று இன்றைக்கும் எழுதப்படுவதெல்லாம் 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. கன்னியாகுமரி தொண்ணூறைத் தாண்டி முதலிடத்திலும், தருமபுரி எழுபதை எட்டாமல் கடைசியிலும் இருந்தது அந்தக் கணக்கில்தான். அதற்குப் பின்பு பிறந்த குழந்தைகள் இப்போது மேல்நிலைப் பள்ளியை எட்டிவிட்டார்கள். அன்று அறுபது வயதில் எழுத்தறியாதிருந்த பலர் இன்று நம்மோடு இல்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புத் தள்ளிப் போனதால், பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதிய காலத்தைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கிறோம். எந்த ஆண்டுக் கணக்கு என்று சொல்லாமல் ஒரு விழுக்காட்டை எவரேனும் அனுப்பினால், அதை மற்றொருவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவதே வாசகர் செய்யக்கூடிய முதல் நற்காரியம்.

பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிய செய்தியில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 2005-ஆம் ஆண்டு முதல் ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் வெளிவரும் ‘அசர்’ அறிக்கை, சில ஆண்டுகளுக்கொரு முறை தமிழ்நாட்டில் பெரும் சலசலப்பை உண்டாக்குகிறது. அந்த ஆய்வு நடக்கும் விதத்தை அறிந்துகொண்டால்தான் அதன் எண்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க முடியும். கிராமப்புற மாவட்டம் ஒவ்வொன்றிலும் முப்பது கிராமங்கள், கிராமத்துக்கு இருபது வீடுகள் என்று தெரிந்தெடுத்து, பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீட்டுக்கே போகிறார்கள். திண்ணையிலோ கூடத்திலோ குழந்தையோடு உட்கார்ந்து, அச்சிட்ட ஒரு தாளை அதன் கையில் கொடுக்கிறார்கள். தாளில் தனி எழுத்துகள் இருக்கின்றன. எளிய சொற்கள் இருக்கின்றன. முதல் வகுப்பு நிலையில் நான்கு வாக்கியம் கொண்ட சிறு பத்தி ஒன்றும், இரண்டாம் வகுப்பு நிலையில் சற்று நீண்ட கதை ஒன்றும் இருக்கின்றன. முதலில் பத்தியைப் படிக்கச் சொல்லுகிறார்கள். தடையின்றிப் படித்தால் கதைக்குப் போகலாம். தடுமாறினால் சொற்களுக்கு இறங்கவேண்டும். அதுவும் முடியாவிட்டால் எழுத்துகளுக்கு. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை எல்லோருக்கும் இதே தாள்தான். பள்ளிக்கூடத்துப் பரீட்சையின் அச்சம் இல்லாமல், ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் என்று அருகிலிருந்து கேட்கும் இந்த முறை, எளிமையில் மிகச் சிறந்தது என்பதே என் அபிப்பிராயம்.

2022-ஆம் ஆண்டு அறிக்கையில், தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கக் கூடியவர்கள் 4.8 விழுக்காடு என்று வந்தது. 2018-இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. நாடு முழுவதற்குமான எண் அதே காலத்தில் 27.3-லிருந்து 20.5-க்கு இறங்கியிருந்தது. உடனே, “தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்குப் படிக்கத் தெரியாது” என்று பலர் எழுதினார்கள். அதற்கு எதிராக, “இந்த அறிக்கையே நம்மை இழிவுபடுத்தச் செய்த சதி” என்று வேறு பலர் எழுதினார்கள். இரு சாராரும் அறிக்கையைத் திறந்து பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். கதையைப் படிக்க முடியாத அந்தத் தொண்ணூற்றைந்து பேரில், முதல் வகுப்புப் பத்தியைப் படிக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள்; சொற்களைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்; எழுத்துகளோடு நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேண்டிய உதவி வேறு. அவர்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ‘படிக்கத் தெரியாதவர்கள்’ என்று பெயரிட்டால், ஆசிரியருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னும் ஒன்று கவனிக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, முதல் வகுப்பில் சேர்ந்தது 2020-21 கல்வியாண்டில். அந்த ஆண்டு முழுவதும் பெருந்தொற்றினால் தொடக்க வகுப்புகள் மூடிக்கிடந்தன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடியும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதாவது, ‘அ’ என்ற எழுத்தைக் கரும்பலகையில் பார்க்க வேண்டிய வயதில் அந்தக் குழந்தை வகுப்பறையையே பார்க்கவில்லை. இதற்கு மாறாக, 2024-இல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, 2022 ஜூனில், சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாட்டு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய அதே மாதத்தில், முதல் வகுப்பில் அடியெடுத்து வைத்தது. 2024-ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டின் எண் 2018-ஆம் ஆண்டு நிலையைத் தாண்டி உயர்ந்தது. முதல் செய்தி பரவிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவது செய்திக்குக் கிடைக்கவில்லை. வீழ்ச்சியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். மீட்சி எப்படி நேர்ந்தது, எந்த ஊரில் நேரவில்லை என்று விசாரிக்க ஆள் இல்லை. உயர்ந்த எண்ணும் இன்னும் மிகத் தாழ்ந்த எண்தான். அந்த விசாரணை நமக்கு மிகவும் வேண்டியிருந்தது.

கல்வியில் அக்கறையுள்ள நம் ஆசிரியர்களும் இளைஞர்களும் இணையத்தில் தேடிப் படிக்கும்போது, அவர்களுக்கு முதலில் அகப்படுவது அமெரிக்காவில் நடக்கும் வாசிப்பு விவாதம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தத்தைக் கிரமமாகச் சொல்லிக்கொடுப்பதா, முழுச் சொல்லையும் வாக்கியத்தையும் காட்டிப் பொருளின் வழியே பழக்குவதா என்று அங்கே பல தலைமுறையாக வாதம் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஒலி வழியைக் கிரமமாகக் கற்பிப்பதற்குச் சாதகமாகப் பேசிற்று. 2013-இல் சட்டம் இயற்றி அந்த வழியில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மிசிசிப்பி மாநிலம் பின்னர் வாசிப்பில் நல்ல முன்னேற்றம் கண்டது. இவை படித்துத் தெரிந்துகொள்ளத் தக்க விஷயங்களே. ஆனால் ஆங்கில எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள பிணக்கு தமிழுக்கு இல்லை. தமிழ்க் குழந்தைக்கு உள்ள கஷ்டங்கள் ஆங்கிலக் குழந்தைக்கு இல்லை. அங்கே கண்ட மருந்தை அப்படியே இங்கே கொண்டுவந்து கொடுப்பது, நோய் இன்னதென்று பார்க்காமல் வைத்தியம் செய்வதாகும்.

தமிழ்க் குழந்தையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதை, இரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். ‘கொக்கு’ என்ற சொல்லைப் படிக்கும் குழந்தை, முதலில் ஒற்றைக் கொம்பைக் காண்கிறது, பிறகு ககரத்தை, பிறகு காலை. கொம்பும் காலும் இரு பக்கமும் நின்றுகொண்டிருக்க, அவை இரண்டும் சேர்ந்து ஒரே ஓசை என்பதை அது மனத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். கண் போகும் வரிசை ஒன்று, நாக்குப் போகும் வரிசை மற்றொன்று. அடுத்து வரும் ‘கு’ போன்ற உகர எழுத்துகளில் ஒவ்வொரு மெய்யும் ஒவ்வொரு விதமாக வடிவம் மாறுகிறது. ‘கு’வைக் கற்றவனுக்கு ‘து’வும் ‘டு’வும் ‘மு’வும் தாமாக வந்துவிடுவதில்லை. ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘பகல்’ என்பதில் வேறு விதமாகவும் அதே ககரம் ஒலிக்கிறது. இவையெல்லாம் தாண்டிச் சொல்லைக் கூட்டி வாசித்துவிட்டாலும், ‘மழை பெய்கிறது’ என்று புத்தகத்தில் இருப்பது, வீட்டில் ‘மழ பெய்யுது’ என்று கேட்டு வளர்ந்த காதுக்குப் பாதி அந்நியமாகவே படுகிறது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இந்த இடைவெளிதான் நம் பிள்ளைகளின் வாசிப்பில் மிகப் பெரிய தடை என்று நான் நம்புகிறேன். இதைப் பற்றித் தமிழில் தமிழாசிரியர்கள் பேசும் பேச்சு, ஆங்கிலத்தில் நடக்கும் பேச்சில் நூற்றில் ஒரு பங்குகூட நம் கைபேசிக்கு வருவதில்லை.

ஆசிரியர்கள் பேசுவதே இல்லையென்று எண்ணவேண்டாம். பேசுகிறார்கள், அவர்களுக்கென்றே வாட்ஸ்அப் குழுக்கள் வட்டாரந்தோறும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வந்து நிறைவது சுற்றறிக்கைகளும், இன்ன விவரத்தை இன்ன மணிக்குள் செயலியில் பதிவேற்ற வேண்டும் என்ற உத்தரவுகளுமே. ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பிள்ளைகளை வயதைக் கொண்டு மட்டும் பிரிக்காமல், கற்ற நிலையைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். அரும்பில் இருக்கும் குழந்தை மொட்டுக்குப் போவது எந்த இடத்தில் தடைப்படுகிறது, எந்தப் பாட்டுக்குப் பிறகு அந்தத் தடை விலகிற்று என்பது அந்த வகுப்பின் ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதிப் பகிர்ந்துகொள்ளும் நேரம் மதிப்பீட்டுப் பதிவிலேயே போய்விடுகிறது என்பது பல ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொல்லும் குறை. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் சேர்ந்து, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை தெருவிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்ன தன்னார்வலர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. குழந்தை படிக்கும்போது அதன் உதடு எங்கே நின்றது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இத்தனை பேர் இருந்தும், எழுத்தறிவைப் பற்றிய விவாதத்தில் அவர்களுடைய குரல் நம் காதில் விழுவதில்லை. நிபுணர் பேசுகிறார், மந்திரி பேசுகிறார், எதிர்க்கட்சிக்காரர் பேசுகிறார். எழுத்தைக் கற்பித்தவர் பேசவில்லை.

கற்றவரோ அதைவிட மௌனம். இந்த இடத்தில் 1991-ஆம் ஆண்டுக் கோழிக்கோட்டுக் கூட்டத்தை மறுபடியும் நினைக்க வேண்டியிருக்கிறது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற பிரகடனத்தை அன்று மேடையில் செய்தவர், அந்த இயக்கத்தினாலேயே எழுத்துக் கற்றுக்கொண்ட மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மையார். முதலமைச்சரும் தலைவர்களும் கூடியிருந்த மேடையில் அவரைக் கொண்டு அறிவிக்கச் செய்தவர்களுக்கு, அந்தச் செய்தி யாருக்குச் சொந்தம் என்பது தெரிந்திருந்தது.

அதே ஆண்டுகளில் நம் புதுக்கோட்டையில் நடந்ததும் சாமானியமல்ல. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் எண்ணற்ற தொண்டர்களும் சேர்ந்து நடத்திய உழைப்போடும் வளர்ந்த அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகிறவர்களும், ஆயாக்களும், பள்ளி மாணவிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரம் மிச்சமாயிற்று. விளைந்த காய்கறியைத் தூரத்து ஊருக்கு எடுத்துப் போய் விற்க முடிந்தது. மாலைப் பாட வகுப்புக்கு வந்துபோவது எளிதாயிற்று. அந்த இயக்கத்தின் சமாசாரம் பரவியது வீதி நாடகத்தாலும் பாட்டாலும். ஒரு கிராமத்தில் நடந்ததை அடுத்த கிராமத்துக்குச் சொல்லப் போனவர்களில், நேற்றுத்தான் தம் பெயரை எழுதக் கற்ற ஸ்திரீகளும் இருந்தார்கள். 1992 ஆகஸ்டில் அந்த மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்து உற்சாகம் பல மாவட்டங்களில் ஏன் தொடரவில்லை, கற்ற எழுத்து மறந்துபோகாமல் இருக்கத் தொடர்ந்து படிக்கப் புத்தகமும் படிப்பகமும் ஏன் கிடைக்கவில்லை என்பது தனியே எழுதவேண்டிய துயரமான சரித்திரம்.

இன்று நம் விவாதம் முழுவதும் குழந்தைகளைப் பற்றியதாகிவிட்டது. வயது வந்தவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு இன்றும் மாநிலத்தின் பல ஊர்களில் நடக்கிறது; அங்கே கற்பவர்கள் தேர்வு எழுதுகிறார்கள், பேத்தியின் பழைய நோட்டில் பயிற்சி செய்கிறார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதியன்று மட்டும், உலக எழுத்தறிவு நாள் என்பதால், அவர்களில் ஒருவருடைய படம் பத்திரிகையில் வருகிறது. அந்த நாளை யுனெஸ்கோ அறிவித்தது 1966-இல். மறு ஆண்டு முதல் கொண்டாடி வருகிறோம். ஆண்டில் மற்ற நாட்களில் அவர்கள் என்ன படித்தார்கள், எந்த இடத்தில் விட்டுவிட்டார்கள், ரேஷன் கடை ரசீதையும் மருந்துச் சீட்டையும் கைபேசியில் வரும் வங்கிச் செய்தியையும் தாமே படித்துப் பார்க்க முடிகிறதா என்று கேட்டறிய எந்த நிருபரும் போவதாகத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னது இன்றைக்கு மிகவும் அவசரமானது. ஊரக வேலைத் திட்டத்தின் கூலியும் முதியோர் உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கு வருகின்ற காலத்தில், வந்த தொகை எவ்வளவு என்று கைபேசியைப் பிறரிடம் நீட்டிக் கேட்கவேண்டியிருக்கும் ஒரு மூதாட்டி, தன் பணத்தின் கணக்கை அயலாருடைய நேர்மையிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிறாள்.

ஆகவே பத்திரிகைகளுக்கும் வாசகர்களுக்கும் சில விண்ணப்பங்களைச் செய்துகொள்ளுகிறேன். பத்திரிகைகள் எழுத்தறிவைப் பற்றி ஒரு அறிக்கை வந்தால், அறிக்கை வெளியான அன்றைக்கே எழுதி முடித்துவிடாமல், பத்து நாள் கழித்து ஒரு நிருபரை ஒரு மாவட்டத்துக்கு அனுப்பி, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வகுப்பறையைப் பார்த்து எழுதச் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறையாவது, புதிதாகக் கற்றவர்கள் தாமே படிக்கக்கூடிய பெரிய எழுத்தில், சிறு வாக்கியங்களில், ஊர்ச் செய்திகளை ஒரு பத்தியாக வெளியிட வேண்டும். அதற்கு ஆகும் இடம் ஒரு சிறு விளம்பரத்தின் அளவுதான்.

வாசகர்களோ, ஒரு எண்ணைக் கண்டவுடன் அதை மற்றவருக்கு அனுப்புமுன் மூல அறிக்கையைத் தேடிப் பார்க்கவேண்டும். ‘அசர்’ அறிக்கைகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநிலவாரிப் பக்கங்கள் சிலவே, அட்டவணைகளைப் புரிந்துகொள்ளப் பெரிய கணித ஞானம் வேண்டியதில்லை. எந்த வயதினரைக் கேட்டார்கள், கிராமத்திலா நகரத்திலா, என்ன படிக்கச் சொன்னார்கள், எந்த ஆண்டில் என்று பார்த்துவிட்டால், செய்தியின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத் தீர்த்துக்கொள்ள, தங்கள் தெருப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியையிடம் போய்க் கேட்கலாம். அவர் சொல்லும் பதிலைக் கைபேசியில் எழுதி நாலு பேருக்கு அனுப்பினால், அதுவே உண்மையான எழுத்தறிவுச் செய்தி.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு காரியம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் இந்தக் கணக்கில் நாம் சொல்லும் பதில்தான் இனி வரும் பல ஆண்டுகளுக்கு எழுத்தறிவுச் செய்தியாக எங்கும் பேசப்படும். எந்த வட்டாரத்துக்கு வகுப்பு வேண்டும், எங்கே பணம் ஒதுக்கவேண்டும் என்பதும் அதைப் பொறுத்தே தீர்மானமாகும். கணக்கெடுப்பவர் வந்து கேட்கும்போது, வீட்டிலுள்ள தாயாரோ பாட்டியாரோ கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவராக இருந்தால், “எழுதப் படிக்கத் தெரியும்” என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களையே கூப்பிட்டு, அன்றைய செய்தித்தாளில் இரண்டு வரியைப் படித்துப் பார்க்கச் சொல்லி, உள்ளதை உள்ளபடி எழுதச் செய்யுங்கள்.